இடம் மாறிய அடுப்பு

கல்யாணமாகி வந்த புதுசில் தூண்வீட்டம்மாவை மலைக்க வைத்தது அந்த வீட்டுத் தூண்கள் அல்ல, அடுப்புதான். மற்றவர்கள் வீட்டில் அடுப்புக்கு என்று ஒரு மூலை இருக்கும், அது காலத்துக்கும் அங்கேதான் கிடக்கும். இந்த வீட்டிலோ மாமியார்க்காரி வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடுப்பைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பாள். போன வருஷம் வாசல் பக்கம், இந்த வருஷம் நட்ட நடுக் கூடம், அடுத்த வருஷம் மாமனார் தலை வைத்துப் படுக்கிற இடம். மனுஷன் இருமிக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போவார், வாயைத் திறக்க மாட்டார்.

"ஏன் அத்தே, அடுப்புக்குக் கால் முளைச்சிருக்கா?" என்று ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

மாமியார் அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் வெளுத்துப் போச்சு" என்றாள்.

கிழவிக்கு மறை கழண்டுவிட்டது என்று மருமகள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வெளுத்துப் போனால் சந்தோஷப்படுவார்களா, அடுப்பை அடியில் கொண்டுபோய் வைப்பார்களா?

அது வீடா என்றால் வீடுதான், கோயிலா என்றால் கோயில்தான். எந்தக் காலத்திலோ சமணர்கள் கட்டிய கல் மண்டபம். உள்ளே இருந்த சிலை எப்போது போனது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு வெள்ளத்தில் வீட்டை இழந்து வந்த பாட்டன் முப்பாட்டன் யாரோ, தூணுக்கும் தூணுக்கும் நடுவே மண் சுவர் வைத்துக் குடியேறிவிட்டார். அதிலிருந்து அது தூண் வீடு. கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம் என்று தூண்கள் நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் அலை அலையாகச் செதுக்கிய ஒரு கல் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும். அந்த அலைகளின் மேல்தான் துணிக் கொடியைக் கட்டியிருந்தார்கள். சாமி இருந்த உள்ளறையில் சலவைத் துணி மூட்டைகள். அதன் வாசல் மேலே, மூன்று குடைக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சின்னக் கல் துறவி ஒருவர், தன் மடியில் ஒரு மாதக் காலண்டரை மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

பக்கத்துத் தெருவில் சிவன் கோயில் இருந்தது. அதே கல், அதே தூண். அதற்குச் சாமி இருந்ததால் ஆள் வந்தார்கள், மணி அடித்தார்கள், தரையில் டைல்ஸ் ஒட்டினார்கள், தூணுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள், என்னென்னமோ பண்ணினார்கள். கோயில் நின்றது. இங்கே சாமி இல்லை, இஸ்திரிக்காரர் குடும்பம்தான் இருந்தது. இதுவும் நின்றது.

தூண்வீட்டம்மாவுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை கிடையாது என்று சொன்னால் அது பாதி உண்மை. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது, வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ந்து கிடக்கும், அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் குளிக்கிற இடம் என்பது பின்பக்கம் நாலு தகரமும் ஒரு சாக்குப் படுதாவும்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கல்யாணமான புதுசில் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பெண் ஒரு நாள் தங்கினாள், மறுநாள் தலைவலி என்று கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் மகன் தனியாகத்தான் வருகிறான். "வீட்டை மாத்துங்கம்மா, அப்புறம் அவளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வான்.

அவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். தலைக்கு மேலே மட்டும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, அட்டைக் கரி. மழைக்காலப் புழுக்கத்தில் அது கசிந்து, வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். மாமியார் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக கேஸ் அடுப்பு வாங்கினாள். இனிப் புகை இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த மாதமே அவள் புருஷன் இஸ்திரிக்காரர், மரத்தடியில் போட்டிருந்த மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்துக்குள் போட்டார்.

"வெளிய வெயில் தாங்கல" என்றார்.

"இத்தனை வருஷமா அதே வெயில்தானே அடிக்குது?"

"வயசாகுதுல்ல."

சரி, வயசாகிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பற்றவைப்பதை வெளியில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதையும் உள்ளேதான் செய்தார். அதுவும் ஈரக் கொட்டாங்கச்சியைப் போட்டு, புகை குபுகுபுவென்று மேலே ஏறும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேசையும் ஒரே இடத்தில் நிற்காது. நாலு மாதம் இந்தத் தூணுக்கிடையில், நாலு மாதம் அந்தத் தூணுக்கிடையில்.

"உங்கம்மா விட்டுட்டுப் போன பைத்தியம் உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். அவர் சட்டைக் காலரில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே சிரிப்பார். நல்ல மனுஷன்தான். காலரை முதலில் தேய்த்து, பிறகு கை, பிறகு முதுகு, கடைசியில் முன்பக்கம் என்று ஒரு சட்டையைப் பெற்ற பிள்ளையைப் போலத் திருப்பிப் போட்டுத் தேய்க்கிறவர். ஒரு தடவை அவள் ஒட்டடைக் கோலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மேலே தூக்கியபோது மட்டும் அந்த மனுஷனா இது என்று தோன்றும்படி கத்தினார்.

"அதுல கை வைக்காதன்னு எத்தனை தடவை சொல்றது!"

"ஏங்க, கரிதானேங்க?"

"இருக்கட்டும். உனக்கென்ன?"

சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கோபமா என்று அவள் கோலைக் கீழே போட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் சாலையை அகலப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. தூண் வீடு நடுவழியில் நின்றது. இடித்தால் புதுக் குடியிருப்பில் ஒரு வீடு தருவார்களாம், உள்ளேயே குளியலறை, அதற்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு. இல்லை, இது பழைய கட்டடம், காப்பாற்ற வேண்டியது என்று தொல்லியல் துறை சொல்லிவிட்டால் சாலை வளைந்து போகும். மண்டபம் துறையின் கைக்குப் போகும், இஸ்திரிக்காரருக்குக் காவலாளி வேலை கிடைக்கும், பின்பக்கமே ஒரு அறை கட்டிக்கொடுப்பார்கள். எதுவென்று முடிவு செய்ய ஒரு அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள்.

அவள் தங்கச்சி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவளிடம் தூண்வீட்டம்மா மனசில் இருந்ததைக் கொட்டினாள். "இடிஞ்சா இடியட்டும்டி. கதவு வச்ச ஒரு பாத்ரூம்ல குளிச்சுட்டுச் செத்தாலும் போதும் எனக்கு." திரும்பினால், கையில் துணி மூட்டையோடு இஸ்திரிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூட்டையை உள்ளறையில் வைத்துவிட்டுக் கரியை விசிறப் போனார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவருக்குக் கொஞ்சம்கூடக் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை. "அதிகாரி வரட்டும், பார்த்துக்கலாம்" என்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பேன்ட் மடிப்பை நீவினார். "எதை வச்சுங்க இவ்வளவு தைரியம்? வெறும் தூணு. இதைவிடப் பெரிய தூணெல்லாம் பக்கத்துத் தெருவுல இருக்கு" என்று அவள் சீண்டினாலும் சிரிப்புத்தான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவர் காலையிலேயே துணி கொடுக்கப் போனார். ஓட்டல்காரருக்கு மேசை விரிப்புகள், ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்புகள், சாயங்காலம்தான் திரும்புவார். தூண்வீட்டம்மா பாயை உதறினாள், பாத்திரத்தை அடுக்கினாள், தரையைக் கழுவினாள். நிமிர்ந்து பார்த்தாள். மேலே கன்னங்கரேலென்று கிடந்தது.

படித்த பெண் ஒருத்தி வருகிறாளாம். வந்து அண்ணாந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? இந்தக் குடும்பம் பன்றிக் குடிசையிலா இருக்கிறது என்று நினைக்க மாட்டாளா? இடிப்பதோ வைப்பதோ அது அவர்கள் பாடு. வீடு அழுக்கு என்ற பெயரை மட்டும் அவள் வாங்கத் தயாராக இல்லை. அவர் கத்தினால் கத்தட்டும், சுத்தமானதைப் பார்த்தால் அடங்கிவிடுவார் என்று தங்கச்சிக்கு ஆள் விட்டாள்.

மேசைமேல் பெஞ்சைப் போட்டு ஏறினார்கள். வாளியில் வெந்நீர், சலவைச் சோடா, சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் நார், துணி துவைக்கும் பிரஷ். தளம் ஒன்றும் எட்டாத உயரம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் மாமியார் கட்டிய பரண் இருந்தது. அதில் பழைய மெத்தையும் கிழிந்த போர்வையும் தளத்தை முட்டும்வரை திணித்துக் கிடந்ததால் அதை விட்டுவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் தேய்த்தார்கள். முதலில் தார் மாதிரி வழிந்தது. இரண்டு பேர் முகத்திலும் கரி. ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"அக்கா, இப்ப உன்னைப் பார்த்தா மாமாவே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாரு."

"அவரு என்னை எங்கடி பார்த்தாரு? அவரு கண்ணுக்குச் சட்டையும் பேன்ட்டும்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர் சிவப்பானது.

"அக்கா, சிவப்பா வருதே?"

"யாராவது எப்பவாவது காவி அடிச்சிருப்பாங்க. நல்லாத் தேய், போயிடும்."

அப்புறம் பச்சையாக வந்தது. அதுவும் போனது. கை கடுத்தது. சோடா பட்டு விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. அப்போதுதான் தங்கச்சி பிரஷைப் பிடித்தபடி நின்றாள். "அக்கா, இங்க பாரேன். ஒரு கண்ணு மாதிரி இருக்கு."

தூண்வீட்டம்மா பார்த்தாள். ஈரத்தில் பளபளவென்று, கறுப்பு மை தீட்டிய மாதிரி, நீளமாக ஒரு கண். மனுஷக் கண்ணா மாட்டுக் கண்ணா தெரியவில்லை. அவளைத்தான் பார்த்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு என்னவோ செய்தது. ஆனால் உடம்பெல்லாம் வேர்வை, பாதிதான் முடிந்திருக்கிறது, அவர் வருவதற்குள் உலை வைக்க வேண்டும்.

"கரித் திட்டு உனக்குக் கண்ணாத் தெரியுதாக்கும். தள்ளு" என்று பிரஷை வாங்கி அவளே தேய்த்தாள். நாலு இழுப்பில் அது போய்விட்டது.

அன்றைக்கு அவர் திரும்ப நேரமாகிவிட்டது. கரண்ட் வேறு இல்லை. கை விளக்கு வெளிச்சத்தில் சோற்றைப் போட்டாள், அவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு அலுப்பில் படுத்துவிட்டார். காலையில் வெளுக்கும் முன்பே அதிகாரியை எதிர்கொள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்து மனுஷன் வாயைப் பிளக்கப்போகிறார் என்று அவளுக்குள்ளே ஒரே குதூகலம்.

அதிகாரி சின்ன வயசுப் பெண், கழுத்தில் கேமரா. வாசலிலேயே நின்று தூணைத் தடவிப் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புகூட இல்லாமல் எடையிலேயே நிற்கிறது என்றாள். மூன்று குடைக்குக் கீழே இருந்தவர் மடியிலிருந்து காலண்டரைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தாள். "பக்கத்துத் தெருக் கோயிலும் இதுவும் ஒரே கல்தச்சருங்க கட்டினதுதான். அங்க சாமி காப்பாத்திச்சு, இங்க குடித்தனம் காப்பாத்தியிருக்கு" என்று சிரித்தாள். "ஆனா தூணு மட்டும் போதாதுங்க அய்யா. இந்த மாதிரித் தூண் நிறைய இருக்குன்னு ரோட்டுக்காரங்க சொல்லிடுவாங்க. வேற ஏதாவது இருந்தா நல்லது."

"இருக்குங்கம்மா" என்றார் இஸ்திரிக்காரர். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. தோளில் இருந்த சுத்தமான பஞ்சுத் துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இஸ்திரி மேசைமேல் ஏறி நின்றார். "அம்மா, இங்க வாங்க. நான் ஒத்தி எடுக்கறேன், நீங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார்.

தளம் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் முழு வெள்ளை இல்லை, வெளுத்துப் போன பழைய வேட்டி மாதிரி. அங்கங்கே பிரஷ் இழுத்த கோடுகள்.

மேலே போன அவர் கை அப்படியே நின்றது. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாக இறங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னங்கய்யா, என்ன காட்டணும்னீங்க?" என்றாள் அதிகாரி.

"ஒண்ணுமில்லம்மா" என்று கீழே இறங்கினார். "தண்ணி குடிக்கிறீங்களா?"

ஆனால் அந்தப் பெண் படித்த படிப்பு அதுதானே. மேசைமேல் ஏறினாள், டார்ச்சை அடித்தாள், உத்தரத்தின் இடுக்கில் விரலை ஓட்டினாள். விரல் நுனியில் சிவப்பு. அப்படியே மேசைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க ஓவியம் இருந்திருக்கு. தளம் முழுக்க இருந்திருக்கும்போல." விரலைத் திருப்பிக் காட்டினாள். "யாருங்க இதைக் கழுவினது?"

தூண்வீட்டம்மா வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க" என்றார் இஸ்திரிக்காரர். "வீடு அழுக்கா இருக்கேன்னு நான்தான் கழுவினேன்."

அதிகாரி போனபிறகு அவர் மேசை ஓரத்தில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஏடு கட்டி ஆறிப்போனது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நான் வேணும்னு செய்யலங்க" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"இடிஞ்சா இடியட்டும்னு சொன்னேன்தான். அதுக்காக இப்படிச் செய்வேனா?"

"தெரியும்னு சொல்றேன்ல."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மேல படம் இருக்குன்னு."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அவருடைய அம்மா சிறுபெண்ணாக இருந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு மண்டபம் இருந்ததாம். அதிலும் குடித்தனம் இருந்ததாம். உள்ளே படம் இருக்கிறது என்று யாரோ சொல்லி, ஆட்கள் வந்து குடியிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டுப் போட்டுக்கொண்டு போனார்களாம். அதற்கப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கூரையில் மரம் முளைத்தது, தூணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு மழையில் மிச்சமும் விழுந்தது.

"ஆளு இருந்தாத்தான் வீடு நிக்கும், படம் தெரிஞ்சா ஆளை இருக்க விட மாட்டாங்கன்னு அம்மா நெனச்சா. அதான் அடுப்பு. எங்க கரி உதிர்ந்து வெளுக்குதோ அங்க அடுப்பை வைப்பா. இடிக்கவே வந்துட்டாங்கன்னா மட்டும் காட்டு, அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டுத்தான் செத்தா."

"உங்களுக்குக் காட்டினாங்களா?"

"ஒரே ஒரு தடவை. சின்னப் பையனா இருந்தேன். ஈரத்துணியை வச்சு ஒத்தினா, தேய்க்கல. ஒத்தி ஒத்தி எடுத்தா. சிங்கமும் மானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்துச்சு. பாம்பும் கீரியும் சண்டை போடாம உக்காந்திருந்துச்சு. யாரோ ஒரு சாமியார் பேசறாரு, எல்லாம் வந்து கேக்குது. ஒரு முயல் மட்டும் காதை நல்லாத் தூக்கிட்டு இருந்துச்சு. எந்தப் பக்கம்னுகூட ஞாபகம் இல்ல. அப்புறம் மறுபடி அடுப்பை வச்சு மூடிட்டா."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "இத்தனை வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டியிருக்கேன். உங்க துணியைத் துவைச்சேன், உங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல எல்லாம் எடுத்துப் போட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலியே உங்களுக்கு! தலைக்கு மேல இப்படி ஒண்ணு இருக்கு, அதான் தொடாதேங்கறேன்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"நீ எப்பவும் இந்த வீட்டை விட்டுப் போகணும்னே சொல்லிட்டிருந்தியா..."

"அதனால?"

"சொல்லிட்டா நீ போயி யார்கிட்டயாவது சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு." அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன். உன்னை நம்பியிருக்கணும்."

அவளுக்கு அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பார்த்தேன், பார்த்தும் தேய்த்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

தூணும் சின்னத் துறவியும் போதவில்லை. துறவியை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போகலாம், கட்டடத்தை நிறுத்திவைக்கக் காரணம் இல்லை என்று முடிவாகிவிட்டது. இஸ்திரிக்காரர்தான் கழுவினார் என்று எப்படியோ தெரு முழுக்கப் பரவியது. "கழுவறேன் கழுவறேன்னு காவல்காரர் வேலையையே கழுவிட்டாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். கேட்கக் கேட்க அவளுக்குத்தான் நெஞ்சு வலித்தது.

காலி செய்கிற அன்றைக்கு எதிர்வீட்டை இயந்திரம் இடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இங்கே தரை அதிர்ந்தது. சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. கடைசியாகப் பரண். அவளே பெஞ்சில் ஏறி மெத்தையை இழுத்தாள், போர்வைகளைக் கீழே தள்ளினாள். பொத்தென்று தூசி. இருமிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மெத்தை முட்டிக்கொண்டிருந்த இடத்தில் கரி மெல்லிசாகத்தான் படிந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து இரண்டு காதுகள் தெரிந்தன. முந்தானையால் துடைக்கப் போன கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க! ஏங்க, இங்க வாங்க!"

அவர் ஏறினார். தொடவில்லை. முகத்தை வெகு பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு முயல், காதைத் தூக்கிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய பாதம். அந்தப் பாதத்துக்கு மேலே உடம்பு இல்லை. பிரஷ் கோடு அங்கேயிருந்துதான் ஆரம்பித்தது.

"இவன்தான்" என்றார். "இங்கதான் இருந்திருக்கான்." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதிகாரிக்குப் போன் போட்டார்கள். அந்தப் பெண் ஓடிவந்தாள். ஏறிப் பார்த்தாள். "அன்னிக்கு இந்தப் பரணைக் காலி பண்ணிப் பார்த்திருக்கணும். எனக்கே தோணல. இந்த ஒரு மூலை போதும், இதை வச்சு எப்படியாவது நிறுத்தியிருப்பேன்" என்றாள். இப்போது எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. யார் யாருக்கோ போன் செய்தாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். கடைசியில் அந்தத் துண்டை மட்டும் கல்லோடு சேர்த்து அறுத்து எடுக்க அனுமதி கிடைத்தது. முயலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன பிறகு இயந்திரம் உள்ளே வந்தது. தூண்கள் லேசில் விழவில்லையாம், டீக்கடைக்காரர் சொன்னார். தூண்வீட்டம்மா போய்ப் பார்க்கவில்லை.

புது வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு இருந்தது. மகன் பொண்டாட்டியோடு வந்து நாலு நாள் தங்கினான். மருமகள் நல்ல பெண்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தூண்வீட்டம்மா குளித்துவிட்டு வந்து பாயில் மல்லாக்கப் படுத்தால் தலைக்கு மேலே வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தளம். சுத்தமான தளம்தான். அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். இஸ்திரிக்காரர் கீழே வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் மேசை போட்டிருந்தார். புகைக்கு அங்கே அனுமதி இல்லாததால் கரண்டுப் பெட்டிதான்.

அருங்காட்சியகத்தில் முயலை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்து ஒரு நாள் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். அவரே தேய்த்த சட்டை, அவரே தேய்த்த சேலை. அந்தச் சின்ன அதிகாரி வேலை மாற்றலாகிப் போய்விட்டாளாம். நீளமான ஒரு கூடத்தின் கோடியில், சின்னத் துறவிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் முயல் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது. நீளமாக மை தீட்டிய கண். எதிரில் யார் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, பேசுகிறவரையும் கூட உட்கார்ந்து கேட்டவர்களையும் அவள்தான் வாளியில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டாளே. அது இன்னமும் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகையில் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். இஸ்திரிக்காரர் மூக்குக் கண்ணாடி எடுத்து வர மறந்துவிட்டார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், பிடிபடவில்லை.

"என்ன எழுதியிருக்கு? படி."

அவள் படித்தாள், முதலில் மனசுக்குள். 'சமண மண்டபம் ஒன்றின் மேல்தள ஓவியத் துண்டு. அடுப்புப் புகையாலும் குடியிருந்தோரின் அலட்சியத்தாலும் ஓவியத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது.'

யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு என்ன தெரியும்? கண் எரிய எரிய அடுப்பைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை ஆயுசு முழுக்கச் சுற்றிவந்தவளை அவர்களுக்குத் தெரியுமா?

"என்ன, இவ்வளவு நேரமாப் படிக்கிற?"

"எழுத்து பொடிசா இருக்குங்க" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வாசித்தாள். "சமண மண்டபத்து மேல்தளப் படம். குடியிருந்தவங்க இதை அடுப்புப் புகையால மூடி வச்சு ரொம்ப காலம் காப்பாத்தினாங்க."

அவர் நிமிர்ந்தார். "அப்படியா போட்டிருக்கான்?"

"ஆமா."

"குடியிருந்தவங்கன்னா... அம்மாவா?"

"அத்தைதான். வேற யாரு?"

"பேரு போட்டிருக்கானா?"

"பேரெல்லாம் இல்லீங்க."

"பரவால்ல. பேரு இல்லாட்டி என்ன." மறுபடி பலகைமேல் குனிந்தார். "அம்மா கேட்டிருக்கணும் இதை." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மிச்சப் படம் எப்படிப் போச்சுன்னு ஏதாவது போட்டிருக்கா?"

"அதைப் பத்தி ஒரு வரியும் இல்ல."

"நல்லது" என்றார். "அதைப் போட வேண்டாம்."

அவள் சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன்னை நம்பியிருக்கணும் என்று அன்றைக்கு அழுத மனுஷன் இன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே நம்பிக்கொண்டு நின்றார். அவர் முயலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது, முயலின் காதுக்கு நேராக. கைப் பழக்கம், தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

தூண்வீட்டம்மா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "இருக்கட்டும்."